பதினான்கு ஜெர்சிகள்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்த ஒரு நண்பர் நேற்று தொலைபேசியில் கூப்பிட்டு, "ஜெர்சிப் பசு பற்றியா பேசப் போகிறாய்?" என்று கேட்டார். (சிரிப்பு.) மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் காப்பிக்குப் பால் வருவது மட்டும்தான். நான் சொல்ல வந்தது விளையாட்டு வீரர்கள் போடும் சட்டை. ஒரே மனிதர், ஒரே தொழில், 14 அணிகளின் சட்டை. அமெரிக்காவின் தேசிய ஃபுட்பால் லீக், சுருக்கமாக என்எஃப்எல். அதில் இருப்பவை மொத்தமே 32 அணிகள். அவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி வந்தவர் ஜாஷ் ஜான்சன். இத்தனை அணிகளில் இருந்தவர் அந்த லீக்கின் வரலாற்றில் வேறு யாருமில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தை வாராவாரம் பார்க்கிறவர்களில் பலருக்கே அவர் முகம் தெரியாது.

எனக்கும் 2023 வரை தெரியாது. அந்த ஜனவரியில் கலிபோர்னியாவில், சான்டா கிளாராவுக்குப் பக்கத்தில், மகள் வீட்டில் இருந்தேன். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் மைதானம் சான்டா கிளாராவில்தான் இருக்கிறது. ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியோடு அவர்கள் ஊரில் ஆட்டம். ஜெயித்தால் சூப்பர் பௌல் இறுதிப் போட்டி. மாப்பிள்ளை சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். நான் தோசைக்குச் சட்னியா சாம்பாரா என்ற கவலையில் இருந்தேன்.

ஆட்டத்தை இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மேற்கொண்டு பேச முடியாது. இந்தப் பக்கம் 11 பேர், அந்தப் பக்கம் 11 பேர். பந்து யாரிடம் இருக்கிறதோ அந்த அணிக்கு நான்கு வாய்ப்பு. நான்குக்குள் 10 கஜம் முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு. முன்னேறாவிட்டால் பந்து எதிராளிக்கு. இப்படியே முன்னேறி எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன். பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு வேலை குறைவு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே ஆளின் கைக்கு. அவர்தான் குவாட்டர்பேக். அவர் எறியலாம், பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். 120 கிலோ, 130 கிலோ ஆட்கள் நான்கைந்து பேர் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள். யோசிக்கக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று விநாடி.

இன்னொன்றும் தெரிய வேண்டும். மற்ற பல இடங்களில் ஆட்களை மாற்றி மாற்றி இறக்குவார்கள். மூச்சு வாங்கினால் வெளியே, இன்னொருவர் உள்ளே. குவாட்டர்பேக் விஷயத்தில் அப்படி இல்லை. முதல் ஆள் நன்றாக இருக்கும்வரை அவரே எல்லாம். இரண்டாவது ஆளுக்கு ஒன்று முழு ஆட்டம், அல்லது பூஜ்யம். நம் கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரராவது தண்ணீர் கொண்டுபோவார், சற்று நேரம் ஃபீல்டிங் செய்வார். இவருக்கு அதுவும் இல்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அந்தப் பருவத்தில் ஃபார்ட்டி நைனர்ஸின் முதல் குவாட்டர்பேக்குக்குச் செப்டம்பரில் கணுக்கால் போயிற்று. இரண்டாமவருக்கு டிசம்பர் 4 அன்று பாதம். மூன்றாமவர் பிராக் பர்டி, புதுப் பையன். புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், 2022இல், 262 பேரில் 262ஆவதாக எடுக்கப்பட்டவர். அந்தப் பையன் தொடக்கத்திலிருந்து ஆடிய ஏழு ஆட்டங்களிலும் அணி ஜெயித்திருந்தது. ஊரே அவன் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிலடெல்பியாவில், தங்கள் கைக்குப் பந்து வந்த முதல் சுற்றிலேயே, அவன் எறியப் போகும்போது ஹாசான் ரெடிக் என்பவர் கையைத் தட்டினார். முழங்கைத் தசைநார் கிழிந்தது. வெளியே போய்விட்டான்.

அப்போதுதான் நான்காவது ஆள் உள்ளே வந்தார். 36 வயது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். "யார் இவர்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். அவர் கைப்பேசியில் தேடினார். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார், தள்ளிக்கொண்டே போனார். அணிகளின் பட்டியல் முடிகிற வழியாக இல்லை.

நாம் தெருவில் விளையாடிய காலத்தில் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருவனை வைத்திருப்போம். சின்னப் பையன், சேர்க்காவிட்டால் அழுவான், அவன் அம்மா வந்து சண்டை போடுவாள். அதனால் சேர்த்துக்கொள்வோம், ஆனால் அவன் ஆட்டம் கணக்கில் வராது. அந்தச் சொல்லில் இருக்கும் கொடூரம் அந்த வயதில் உறைக்கவில்லை. ஜான்சன் உள்ளே வந்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. தவறாக நினைத்துவிட்டேன் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் நான் தேடிப் படித்ததுதான் இன்றைய பேச்சு.

1986இல் ஓக்லாந்தில் பிறந்தவர். பள்ளியில் அவரோடு ஆடியவர் மார்ஷான் லிஞ்ச். பின்னால் பெரிய நட்சத்திரம் ஆனவர், உறவு முறையில் இவருக்குச் சகோதரர். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் ஜான்சனை அழைக்கவில்லை. சான்டியேகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். விளையாட்டுக்காக உதவித்தொகை தராத சிறிய பிரிவு அது. 2007இல், கடைசி ஆண்டில், அவர் எறிந்து வந்த டச்டவுன்கள் 43. எதிராளி கையில் போய் விழுந்த பந்து ஒன்றே ஒன்று. அந்த 43க்கு 1 என்ற கணக்கை நான் இரண்டு மூன்று இடங்களில் சரிபார்த்தேன், அச்சுப்பிழையோ என்று. பிழையில்லை. மறு ஆண்டு டாம்பா பே அணி அவரை 160ஆவது ஆளாக எடுத்தது.

2009 அக்டோபர் 4இல் முதல்முறையாகத் தொடக்கத்திலிருந்து ஆடினார். வாஷிங்டனில், வாஷிங்டன் அணிக்கு எதிராக. 16-13 என்று தோற்றார்கள். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். அந்த ஆண்டில் நான்கு ஆட்டம், 2011இல் ஓர் ஆட்டம். ஐந்தும் தோல்வி. 2012இல் தொடங்கியது ஓட்டம். சான் பிரான்சிஸ்கோ, கிளீவ்லாந்து, சின்சினாட்டி, மறுபடி சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் ஜெட்ஸ், இண்டியானாபொலிஸ், பஃபலோ, பால்டிமோர், நியூயார்க் ஜயண்ட்ஸ், ஹூஸ்டன். சில இடங்களில் ஒரு பருவம், சில இடங்களில் சில வாரம். ஒரு மாதம் வீடு பார்த்து, பெட்டியைப் பிரிப்பதற்குள் கழற்றிவிடுவார்கள். 2018இல் ஓக்லாந்து அழைத்தது. பிறந்த ஊர் அணி. பயிற்சியாளர் ஜான் குரூடன், பத்தாண்டுக்கு முன்பு டாம்பாவில் இவரை முதன்முதலாக எடுத்த அதே மனிதர். கதையாக இருந்தால் இங்கே மங்களம் பாடிவிடலாம். ஆனால் பருவம் தொடங்குவதற்கு முன்பே அங்கேயும் கழற்றிவிட்டார்கள்.

இதைக் கேட்டால் 'பாவம்' என்று தோன்றும். தோன்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒருவரைப் பத்து இடத்தில் கழற்றிவிட்டார்கள் என்பதைத் திருப்பிப் படித்தால், பத்து இடத்தில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வரும். தோற்ற ஆளை ஏன் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும்? அவருடைய வேலை என்ன என்று தெரிந்தால் பதில் கிடைக்கும்.

வாரம் ஓர் ஆட்டம், பெரும்பாலும் ஞாயிறு. புதன், வியாழன், வெள்ளி பயிற்சி. அந்தப் பயிற்சியில் முதல் குவாட்டர்பேக்குக்குத்தான் ஏறக்குறைய எல்லா முறையும். இரண்டாவது ஆள் என்ன செய்வார்? எதிரியாக நடிப்பார். வரும் ஞாயிறு எதிர்த்து ஆடப்போகும் அணியின் குவாட்டர்பேக் எப்படி நிற்பார், எந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார், அவசரம் வந்தால் எந்தக் காலில் ஓடுவார், எல்லாவற்றையும் பார்த்து அதேபோல் ஆடிக் காட்ட வேண்டும். தன் அணியின் தற்காப்பு ஆட்டக்காரர்கள் அதைத் தடுத்துப் பழகுவார்கள். இந்த வாரம் ஒருவர் வேஷம், அடுத்த வாரம் இன்னொருவர். வாரம் முழுக்க எதிரி வேஷம் கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஏதாவது நேர்ந்தால் சொந்த அணியின் ஆட்டத்தை ஒரு தவறில்லாமல் ஆட வேண்டும். அதைப் பயிற்சியில் ஒரு தடவைகூடச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

இதற்கு மேல் மொழிப் பிரச்சினை. எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே இங்குதான்.

ஒவ்வொரு முறை பந்தை எடுப்பதற்கு முன்பும் யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், யார் எந்த வழியில் ஓட வேண்டும் என்று முழுத் திட்டத்தையும் குவாட்டர்பேக் மற்ற பத்துப் பேருக்கும் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் அதை வானொலி வழியாக அவர் தலைக்கவசத்துக்குள் சொல்வார். ஒரு முறைக்கும் அடுத்ததுக்கும் இடையில் 40 விநாடி. கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சியிருக்கும்போது வானொலி அணைந்துவிடும். அதற்குள் காதில் கேட்டதை மனதில் வாங்கி, வட்டமாகக் கூடி நிற்பவர்களிடம் ஒப்பிக்க வேண்டும். பழகிய அணியில் இது மூச்சு விடுவது மாதிரி. புது அணியில்?

பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு அணிக்கும் ஒரு பாஷை. பில் வால்ஷ் என்ற பயிற்சியாளர் வழிவந்தவர்கள் நீண்ட வாக்கியங்களாகச் சொல்வார்கள்; பெயர்மேல் பெயராக அடுக்கி, ரயில் பெட்டி மாதிரி கோத்து. டான் கொரியல் வழிவந்தவர்களுக்கு எல்லாம் எண்கள். மூன்று இலக்கம் என்றால் மூன்று ஆட்கள். ஒவ்வொரு இலக்கமும் ஒருவர் ஓட வேண்டிய வழி. மூன்றாவதாக ஒரு மரபு இருக்கிறது. அதில் ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் எல்லோருடைய வேலையும் அடங்கிவிடும். ஆட்டம் ஒன்றேதான், பெயர்தான் வேறு. அதைவிடச் சிக்கல், ஒரே பெயருக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள். ஒரு வீட்டில் சாம்பார் என்பதை அடுத்த வீட்டில் பருப்புக் குழம்பு என்பார்கள். மூன்றாவது வீட்டில் குழம்பு என்றால் மீன். மருமகளாய்ப் போனவர்களுக்கு இது தெரியும். ஒரு வீட்டில் பழகிய நாக்கை அழித்துவிட்டு அடுத்த வீட்டில் புதிதாகப் பழக்க வேண்டும். ஜான்சன் இதை 14 வீடுகளில் செய்திருக்கிறார், சில வீடுகளில் இரண்டு மூன்று தடவை.

கற்பதைவிட மறப்பது கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. நெருக்கடியில் வாயில் வருவது பழைய சொல்லாகத்தான் இருக்கும். ஒரு சொல் மாறினால் ஒருவன் தப்பான பக்கம் ஓடுவான், 130 கிலோ ஆள் நேராக வந்து விழுவான். என் கணிப்பில் ஜான்சனுடைய உண்மையான திறமை கையில் இல்லை. இந்த மறதியில் இருக்கிறது.

2018 டிசம்பரைப் பாருங்கள். ஓக்லாந்து கழற்றிவிட்டபின் எந்த அணியும் இல்லை. புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு சிறிய லீக்கில் சான்டியேகோ அணி அவரை எடுத்திருந்தது. (அந்த லீக் 2019இல் முதல் பருவம் முடிவதற்குள்ளேயே மூடப்பட்டது. அது தனிக் கதை.) அதற்குள் வாஷிங்டன் அணியில் பூகம்பம். நவம்பர் 18இல் முதல் குவாட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தின் கால் முறிந்தது; எலும்பு வெளியே வந்த முறிவு, பின்னால் 17 அறுவை சிகிச்சை. டிசம்பர் 3இல் இரண்டாமவர் கால்ட் மெக்காய், அவருக்கும் கால். இரண்டே நாளில் ஜான்சனோடு ஒப்பந்தம். அதற்கு அடுத்த ஞாயிறு, டிசம்பர் 9, மூன்றாமவரை உட்கார வைத்துவிட்டு இவரை இறக்கினார்கள். ஆட்டம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது; 40-16 என்று முடிந்தது.

அந்த வாரம் அவர் செய்த ஒரு காரியத்தை அவரே நிருபர்களிடம் சொன்னார். கூட ஆடுகிறவர்களின் பெயர்கூடத் தெரியாதே, என்ன செய்வது? மேடன் என்று ஒரு வீடியோ கேம் உண்டு. என்எஃப்எல் அணிகள் எல்லாம் நிஜப் பெயரோடு அதில் இருக்கும். வீட்டில் பிள்ளைகள் ஆடுவது. ஜான்சன் அதைப் போட்டு, வாஷிங்டன் அணியை எடுத்து ஆடி, யார் எந்த எண், யார் எங்கே நிற்பார் என்று பெயர்களை மனப்பாடம் செய்தார். 32 வயது ஆள்.

அடுத்த ஞாயிறு, டிசம்பர் 16, ஜாக்சன்வில்லில் தொடக்கத்திலிருந்தே ஆடினார். கடைசி நொடியில் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. தொழிலுக்கு வந்த பதினோராம் ஆண்டில், தொடக்கத்திலிருந்து ஆடிய ஆறாவது ஆட்டத்தில், முதல் வெற்றி. வாஷிங்டன் 16, ஜாக்சன்வில் 13. ஒன்பது ஆண்டுக்கு முன் வாஷிங்டனிடம் தோற்ற அதே எண். நாவலாசிரியர் யாராவது இதை எழுதியிருந்தால் 'செயற்கையாக இருக்கிறது' என்று நானே விமரிசனம் செய்திருப்பேன்.

இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. வாஷிங்டனில் அந்தக் குவாட்டர்பேக் நாற்காலி காலியாக இருந்த வாரத்தில், காலின் கேபர்னிக் என்ற இன்னொரு குவாட்டர்பேக் வீட்டில் இருந்தார். 2013 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோவைச் சூப்பர் பௌல் வரை கொண்டுபோனவர். 2016இல், கறுப்பின மக்கள்மீதான அநீதியைக் கண்டித்து, தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அவர் பெயரைப் பற்றிப் பேசினோம் என்று வாஷிங்டன் பயிற்சியாளரே ஒப்புக்கொண்டார். ஆட்டக் காரணங்களுக்காகத்தான் வேண்டாம் என்று முடிவு செய்ததாகச் சொன்னார். ஜான்சன்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. அவரும் கறுப்பினத்தவர், அழைத்தார்கள், போனார். நான் சொல்வது நாற்காலியைப் பற்றி. மாற்று ஆளின் நாற்காலிக்கும் ஒரு வாசல் உண்டு, அங்கே திறமையை மட்டும் பார்த்து உள்ளே விடுவதில்லை. சத்தம் போடாமல் இருப்பதும் அந்த வேலைக்கு எழுதப்படாத ஒரு தகுதி.

இந்த வாசல் புதிதல்ல. 1972க்குப் போவோம்.

ஏர்ல் மாரல் என்று ஒருவர். மிச்சிகன்காரர், 1934இல் பிறந்தவர். 1956 தேர்வில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். ராஜாவாக வர வேண்டியவர். ஆனால் சான் பிரான்சிஸ்கோ, பிட்ஸ்பர்க், டிட்ராய்ட், நியூயார்க் என்று நகர்ந்துகொண்டே இருந்தார். 1968இல் பால்டிமோர். அங்கே ஜானி யூனிடஸ், அந்தக் காலத்தின் மிகப் பெரிய குவாட்டர்பேக். அவருக்குக் கைவலி. மாரல் உள்ளே வந்தார். அணி 14 ஆட்டத்தில் 13 வென்றது. ஆண்டின் சிறந்த வீரர் விருது மாரலுக்கு. பிறகு சூப்பர் பௌல். எதிரே நியூயார்க் ஜெட்ஸ். பால்டிமோர் எளிதாக ஊதித் தள்ளிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதல் பாதி முடியும் நேரத்தில், ஜிம்மி ஆர் என்ற வீரர் எல்லைக்கோட்டருகே தன்னந்தனியாக நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் எதிரிகூட இல்லை. மாரல் அவரைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் எறிந்தார், எதிராளி பிடித்தான். 16-7 என்று தோல்வி. ஒரு பருவம் முழுக்க ஆடியது மறந்துபோய், பார்க்காத அந்த ஒரு பார்வைதான் ஜனங்களுக்கு ஞாபகம். இரண்டு ஆண்டு கழித்து யூனிடஸுக்கு அடிபட்டபோது இதே மாரல் உள்ளே வந்து, டாலஸுக்கு எதிரான சூப்பர் பௌலை 16-13 என்று முடித்துக் கொடுத்தார். (ஆமாம், அங்கேயும் 16-13தான். நான் என்ன செய்ய?) அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

1972இல் பால்டிமோர் அவரைக் கழற்றிவிட்டது. 38 வயது ஆகப்போகிறது. மயாமி அணியின் பயிற்சியாளர் டான் ஷூலா, பால்டிமோரில் இவரை வைத்து ஆடியவர். 100 டாலர் கட்டணம் கட்டி மாரலை எடுத்துக்கொண்டார். நூறு டாலர்! அக்டோபர் 15இல், ஐந்தாவது ஆட்டத்தில், மயாமியின் பாப் கிரீசிக்குக் கால் முறிந்தது. மாரல் வந்தார். மிச்சமிருந்த ஒன்பது ஆட்டமும், நாக்-அவுட் சுற்றில் முதல் இரண்டும், தொடக்கத்திலிருந்து ஆடியது அவர்தான். ஒன்றில்கூட அணி தோற்கவில்லை. பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில், 7-7 என்று இருந்தபோது, பாதி ஆட்டத்தில் ஷூலா குணமாகி வந்த கிரீசியை இறக்கினார். இறுதிப் போட்டிக்கும் கிரீசிதான். மாரல் தகராறு செய்யவில்லை. 17 ஆட்டம், 17 வெற்றி. அந்த லீக்கில் ஒரு பருவத்தில் ஆடிய ஆட்டம் அத்தனையையும் ஜெயித்துக் கோப்பை வென்ற அணி, அன்றும் இன்றும், அது ஒன்றுதான்.

அதே மயாமி அணியில், பந்தைப் பிடிக்கிற இடத்தில், மார்லின் பிரிஸ்கோ என்று ஒருவர் இருந்தார். 27 வயது. 1968இல் டென்வர் அணிக்குக் குவாட்டர்பேக்காக ஆடி 14 டச்டவுன் எறிந்தவர். அன்றைய அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கில் தொடக்கத்திலிருந்து குவாட்டர்பேக்காக ஆடிய முதல் கறுப்பினத்தவர். அடுத்த ஆண்டு அவருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. பஃபலோவுக்குப் போய்ப் பந்து பிடிப்பவராக மாறி, அதிலும் பெயர் வாங்கினார். குவாட்டர்பேக்குக்கு வேண்டிய மூளை கறுப்பினத்தவருக்குக் கிடையாது என்று கூச்சமில்லாமல் பேசிய காலம். முதல் நாற்காலி மட்டுமல்ல, பெஞ்ச் நாற்காலியும் மறுக்கப்பட்டது. மாரலின் கதையை அமெரிக்கர்கள் பொறுமையின் வெற்றி என்று சொல்வார்கள். பிரிஸ்கோவுக்கும் பொறுமை இருந்தது. பொறுத்திருக்க ஓர் இடம்தான் கிடைக்கவில்லை.

மாரல் 42 வயதுவரை, 21 பருவம் ஆடினார். பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் குவாட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கையில் பழகிய பையன்களில் ஜிம் கெல்லி, பெர்னி கோசர் போன்றவர்கள் நட்சத்திரங்கள் ஆனார்கள். டேவி என்ற ஊரில் மேயராகவும் இருந்தார். 2014இல் காலமானார். இறந்தபின் மூளையை ஆய்வு செய்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற நோய், நான்காம் நிலை, அதாவது முற்றிய நிலை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு அடி குறைவு என்று நாம் நினைப்போம். அடி கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நடுவில் ஒரு குறை சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்கு நிக் ஃபோல்ஸ் என்ற பெயர் ரொம்பப் பிடிக்கும். 2017 டிசம்பரில் பிலடெல்பியாவின் முதல் குவாட்டர்பேக் விழுந்தார், ஃபோல்ஸ் எழுந்தார், 2018 பிப்ரவரியில் டாம் பிரேடியின் அணியை 41-33 என்று வென்றார். பிரேடியும் ஒரு காலத்தில் மாற்று ஆளாக இருந்து வந்தவர்தான். 'தயாராக இருங்கள், உங்கள் நாள் வரும்' என்று முடிப்பார்கள். எனக்கு அந்த நாளைப் பற்றிய கதை அலுத்துவிட்டது. அது மாற்று ஆளாக இருப்பதை நிறுத்தியவர்களின் கதை. அந்த நாள் வராமலே, அல்லது வந்தும் கைநழுவியும், மறுநாள் காலை திரும்பவும் பயிற்சிக்குப் போகிறவர்களின் கதை எங்கே? 2024 முடிய ஜான்சன் தொடக்கத்திலிருந்து ஆடிய ஆட்டங்கள் ஒன்பது, வெற்றி ஒன்று. இந்தக் கணக்கை வைத்துத் தன்னம்பிக்கைப் பேச்சு பேச முடியாது.

சம்பளம் பற்றிக் கேட்பீர்கள். ஏழை இல்லை. 2022இல் ஏழு ஆண்டுக்கு மேல் அனுபவமுள்ளவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் பருவத்துக்கு 11.2 லட்சம் டாலர். ஆனால் அதை வாரக் கணக்காகப் பிரித்துத் தருவார்கள். எத்தனை வாரம் அணியில் இருந்தீர்களோ அத்தனை வாரம். செவ்வாய்க்கிழமை கழற்றிவிட்டால் செவ்வாயோடு சரி. பயிற்சிக் குழு என்று ஒன்று உண்டு. அதில் இன்னும் குறைவு. அதே ஆண்டில் ஏரன் ராஜர்ஸ் என்ற முதல் நிலைக் குவாட்டர்பேக் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர். ஓர் அணியில் முதல் ஆளும் மாற்று ஆளும் ஒரே ஆட்டக் கையேட்டைத்தான் படிக்கிறார்கள்.

அவருடைய 2021ஆம் ஆண்டு ஆட்டங்களில் இரண்டைப் பின்னால் பதிவில் பார்த்தேன். நவம்பரில் ஜெட்ஸுக்காக இடையில் வந்து 317 கஜம் எறிந்தார், மூன்று டச்டவுன், அணி தோற்றது. டிசம்பரில் பால்டிமோர் அழைத்துக்கொண்டது. சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, முதலாமவருக்குக் கணுக்கால், இரண்டாமவருக்குக் கொரோனா, 26ஆம் தேதி சின்சினாட்டியில் இவர்தான். 304 கஜம், இரண்டு டச்டவுன். அதிலும் தோல்வி, 41-21. அன்றைய பால்டிமோர் பயிற்சியாளர் ஜான் ஹார்பா. சான்டியேகோ பல்கலைக்கழகத்தில் ஜான்சனுக்குப் பயிற்சி தந்தவர் அவர் தம்பி ஜிம் ஹார்பா. டாம்பாவில் எடுத்தவர் ஜான் குரூடன்; 2018இல் வாஷிங்டனில் இருந்தவர் அவர் தம்பி ஜே குரூடன். அண்ணன் தம்பி ஜோடி இரண்டு, நான்கு பேரிடமும் வேலை பார்த்தாயிற்று. தம்பி அண்ணனிடமும் அண்ணன் தம்பியிடமும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது: பையன் வந்தால் தொல்லை இல்லை, ராத்திரியோடு ராத்திரியாகப் படித்துவிடுவான்.

இனி அந்த ஜனவரி ஞாயிறு. 7-7 என்று இருந்த ஆட்டம், பிலடெல்பியாவுக்கு 14-7 ஆகியிருந்தது. முதல் பாதியின் கடைசி நிமிடங்களில் பந்து பின்னால் வருகிறது. யாரும் தொடவில்லை, யாரும் தள்ளவில்லை. ஜான்சனின் கையில் பட்டு நழுவியது. எதிராளி பாய்ந்து எடுத்தான். உடனே டச்டவுன். 21-7. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது கால்பகுதியின் தொடக்கத்தில் ஒரு பெரிய உருவம் ஜான்சனைச் சாய்த்தது. பின்மண்டை தரையில் மோதியது. மூளை அதிர்ச்சி என்று மருத்துவர்கள் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். இனி ஆள் இல்லை. முழங்கை கிழிந்த பர்டியே திரும்பி வந்து நின்றான். அவனால் சில கஜத்துக்கு மேல் எறிய முடியாது. எல்லோருக்கும் அது தெரியும், எதிராளிக்கும் தெரியும். பந்தை வாங்கிப் பக்கத்தில் ஓடுகிறவரிடம் கொடுத்துக்கொண்டே இருந்தான். 31-7. அவ்வளவு பெரிய ஆட்டம், கடைசி அரைமணி நேரம் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அந்த மே மாதமே லீக் விதியை மாற்றியது. ஆட்ட நாள் பட்டியலுக்கு வெளியே, அவசரத்துக்கென்று மூன்றாவது குவாட்டர்பேக் ஒருவரைச் சீருடையோடு உட்கார வைத்துக்கொள்ளலாம். முதல் இருவரும் விழுந்தால் அவர் வரலாம். முன்பு இருந்து, 2011இல் எடுத்துவிட்ட ஏற்பாடுதான் இது. ஜான்சனின் பின்மண்டை தரையில் பட்டதால், ஒவ்வொரு ஞாயிறும் இன்னும் சில பேருக்குச் சீருடை கிடைக்கிறது. விதிக்கு அவர் பெயரை யாரும் வைக்கவில்லை.

அதன்பின் இரண்டு பருவம் பால்டிமோர். 2025 மார்ச்சில் மறுபடி வாஷிங்டன் அழைத்தது. அங்கே முதல் குவாட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ். 2008இல் டாம்பா ஜான்சனை எடுத்தபோது அந்தப் பையனுக்கு வயது ஏழு. இவருக்கு அந்த மே மாதம் 39 ஆயிற்று. ஏற்கெனவே இருந்த இடம்தானே, இந்த முறை சுலபம் என்று நினைத்துப் பார்த்தேன். 2018இல் இருந்த பயிற்சியாளர் இப்போது இல்லை. மேடனில் மனப்பாடம் செய்த பெயர்களும் அநேகமாக இல்லை. ஆட்டக் கையேடு வேறு, அதன் பாஷை வேறு. அணியின் பெயர்கூட மாறிவிட்டது: அன்று ரெட்ஸ்கின்ஸ், இன்று கமாண்டர்ஸ். முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருப்பார்.

நேரமாகிவிட்டது என்று அவைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 40 விநாடிதான் இருக்கிறது போல. (சிரிப்பு.) கேள்வி இருந்தால் கேளுங்கள்.